நூலில் இரண்டு முடிச்சு

ஏழாங்கட்டைத் தோட்டம்,
சுங்கை சிப்புட்.
6-2-1978

அன்புள்ள பல்கீஸ் அக்காவுக்கு,

இருளாயி எழுதுகிறேன். எந்த இருளாயி என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளாதீர்கள். ஈப்போ ஆஸ்பத்திரியில் மூட்டு டாக்டரைப் பார்க்கிற வரிசையில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் கேரியரில் இருந்த இடியப்பத்தில் பாதியைத் தின்று தீர்த்தவள். மகள் செல்லாயியை மடியில் வைத்திருந்தேன். ஏழு வயதுப் பிள்ளையை மடியில் வைத்திருக்கிறாளே என்று எல்லோரும் பார்த்தார்கள். நீங்கள் ஒருவர்தான் பார்க்கவில்லை. உங்கள் ரஹீமும் உங்கள் தோளில்தான் சாய்ந்திருந்தான்.

இங்கே லயத்து வீடுகளில் யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். "மூட்டுவாதமா? அது கிழவிக்கு வர்ற நோவுலா" என்கிறார்கள். காலையில் முழங்கால் மடங்காது. வெந்நீர்த் துணி போட்டு அரை மணி நேரம் நீவினால்தான் கட்டிலை விட்டு இறங்குவாள். நான் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகிற அவசரத்தில் நீவுவது பாதி, அழுவது பாதி.

டாக்டரம்மா கொடுத்த ஆஸ்பிரின் மாத்திரை நாளுக்கு ஆறு. வயிறு எரிகிறது என்று வாந்தி எடுக்கிறாள். காதுக்குள்ளே சில்வண்டு கத்துகிறதாம். வாத்தியார் கேட்பது காதில் விழாமல் முழித்துக்கொண்டு நின்றிருக்கிறாள், அவர் திமிர் என்று வெளியே நிறுத்திவிட்டார். டாக்டரம்மாவிடம் சொன்னேன். ஒரு மாத்திரையைக் குறைத்தார். சில்வண்டு நின்றது, வலி வந்தது. திரும்பக் கூட்டினார். வலி போனது, சில்வண்டு வந்தது. இதுதான் எங்கள் வீட்டு நிலவரம்.

ரஹீமுக்கு வேறு மாத்திரை, சின்னதாக வெள்ளையாக, என்று சொன்னீர்கள். அது ஏன் செல்லாயிக்கு இல்லை என்று தெரிந்தால் எழுதுங்கள்.

கவுன் தைத்துத் தருகிறேன் என்று சொன்னதை மறந்திருக்க மாட்டீர்கள். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி அளவு நூல் இதில் வைத்திருக்கிறேன். ஒரு முனையிலிருந்து நெஞ்சுச் சுற்றளவுக்கு ஒரு முடிச்சு. அதே முனையிலிருந்து தோளில் தொடங்கி முழங்கால் வரை இன்னொரு முடிச்சு.

இப்படிக்கு,
இருளாயி


தைப்பிங்
19-2-1978

அன்புத் தங்கை இருளாயிக்கு,

ஆண்டவன் உன்னையும் பிள்ளையையும் காப்பாற்றட்டும். இடியப்பம் பாதி இல்லை, முக்கால். ஆனால் கணக்குப் பார்க்கிறவள் நான் இல்லை.

உன் நூலை மேசையில் விரித்துப் பார்த்தேன். முதல் முடிச்சுக்கும் இரண்டாவது முடிச்சுக்கும் நடுவில் என் மூன்று விரல் இடம் இருக்கிறது. பிள்ளை ஒல்லி, ஆனால் நெட்டையாக வருவாள். முழங்காலுக்குக் கீழே இரண்டு விரல் துணி மடித்து வைத்திருக்கிறேன். வளர வளர மடிப்பைப் பிரித்து விட்டுக்கொள். இங்கே பத்து நாளாக மழை, கவுன் காயவே மூன்று நாள் ஆனது. அதனால்தான் தாமதம்.

ரஹீம் மாத்திரை பற்றிக் கேட்டாய். அவனுக்கு மூட்டோடு போகவில்லை. போன வருஷம் நெஞ்சுக்கூட்டில் இதயத்தைச் சுற்றித் தண்ணீர் கட்டி, மூச்சு விட முடியாமல் கிடந்தான். எங்கள் வீட்டுக்காரர், தாவூத் மச்சான், கடையைச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒன்பது நாள் படுத்திருந்தார். அப்போதுதான் இந்த மாத்திரையைத் தொடங்கினார்கள். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து "உம்மா, பசிக்குது" என்றான். அன்றைக்கு அந்த மாத்திரையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

டாக்டரம்மாவிடம் நானும் கேட்டேன், பக்கத்துப் பிள்ளைக்கு ஏன் இல்லை என்று. "கடைசியாக் கொடுக்கிற மருந்து அது. அந்தப் பிள்ளைக்கு அதைக் கொடுக்காமப் பாத்துக்கிறோம்" என்று சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கவில்லை. நமக்கென்ன, அவர்கள் படித்தவர்கள். சட்டைக்கு ஆளாளுக்கு அளவு வேறு, மருந்துக்கும் அப்படித்தான் இருக்கும்.

மாத்திரையைச் சோற்றுக்கு நடுவில் கொடு. வெறும் வயிற்றில் கொடுக்காதே.

உன் அக்கா,
பல்கீஸ்


சுங்கை சிப்புட்
27-3-1978

பல்கீஸ் அக்காவுக்கு,

கவுன் அழகாக இருக்கிறது. போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். நடக்கிறவள் போடவேண்டிய கவுன்.

நீங்கள் நல்லவர், ஆனால் விவரம் தெரியாதவர் போல எழுதுகிறீர்கள். கொடுக்காமல் பார்த்துக்கொள்கிறார்களாம். எனக்கு நன்றாக விளங்குகிறது. உங்கள் பிள்ளையைக் கூட்டிப் போன உங்கள் வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டை, கையில் கடியாரம். செல்லாயியைக் கூட்டிப் போனது நானும் சன்னாசியும். என் வீட்டுக்காரர் எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் ரப்பர் பால் வாடை போகாது. பெஞ்சில் பக்கத்தில் இருந்த சீனத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள், நீங்களும் பார்த்தீர்கள். அந்த நாற்றத்துக்கு ஆஸ்பிரின். அத்தர் வாசத்துக்கு வெள்ளை மாத்திரை.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். நான் மலைக்காட்டில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். சன்னாசி பால் லாரியோடு போய்விட்டார். கக்கூஸ் லயத்துக்குக் கடைசியில் இருக்கிறது, தெரியுமா? இவள் யாரையும் கூப்பிட வெட்கப்பட்டு, கையை ஊன்றித் தவழ்ந்தே போயிருக்கிறாள். மழை பெய்த சேறு. நான் வாளியோடு திரும்பி வரும்போது பாதி வழியில், சேற்றில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "கவுன் அழுக்காயிடும்னு அவுத்து வச்சிட்டு வந்தேம்மா" என்றாள்.

நீங்கள் மாத்திரை கொடுக்கவேண்டும் என்று கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் நான் இல்லை. ஆனால் அளவு வேறு, சட்டை வேறு என்று மட்டும் எனக்கு எழுதாதீர்கள்.

இருளாயி


தைப்பிங்
16-4-1978

தங்கை இருளாயிக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் தலையணைக்கடியில் வைத்திருந்தேன். நான்காம் நாள் பாசாருக்குப் பக்கத்து மருந்துக் கடைக்கு ரஹீமின் மாத்திரைப் பையைக் கொண்டுபோய்க் காட்டினேன். கடைக்காரர் டாக்டர் சீட்டுக் கேட்கவில்லை. "எத்தனை வேணும்" என்று மட்டும்தான் கேட்டார். இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இதோடு வருகிற மஞ்சள் கவுனின் கீழ் மடிப்பைப் பிரித்துப் பார். நூறு மாத்திரை, பத்துப் பத்தாகத் துணியில் சுற்றி உள்ளே வைத்துத் தைத்திருக்கிறேன். உங்கள் தோட்ட ஆபீசில் பார்சலைப் பிரித்துப் பார்ப்பார்கள் என்று சொல்லியிருந்தாய். கவுன் மடிப்பை யாரும் பிரிக்க மாட்டார்கள். காலையில் சாப்பிட்டபின் மூன்று. ரஹீமுக்கு ஆறு கொடுத்தார்கள். இவள் சின்னவள், அதனால் பாதி. ஆஸ்பிரினை நிறுத்திவிடாதே, இரண்டாகக் குறைத்துக்கொள்.

இருளாயி, ஒன்றே ஒன்று. இது உன் வாயிலிருந்து யாருக்கும் போகக்கூடாது. டாக்டரம்மாவுக்குத் தெரிந்தால் ரஹீமை இனிப் பார்க்கமாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். மச்சானுக்கும் தெரியாது. பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்கிற பழக்கம் எங்களிடம் இல்லை. உன் வார்த்தையே எனக்குப் போதும்.

காசு ஏதும் அனுப்பி வைக்காதே, கோபித்துக்கொள்வேன்.

பல்கீஸ்


சுங்கை சிப்புட்
14-5-1978

என் அக்காவுக்கு,

ஓடுகிறாள்.

இதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு மணி நேரமாகப் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாலாம் நாள் காலையில் நான் அடுப்படியில் இருந்தேன். பின்னாலிருந்து "அம்மா" என்று குரல். திரும்பிப் பார்த்தால் நிற்கிறாள். வெந்நீர்த் துணி இல்லை, நீவல் இல்லை. தானே இறங்கி, தானே நடந்து வந்திருக்கிறாள். எனக்குக் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. அப்படியே கரண்டியோடு கட்டிக்கொண்டு அழுதேன். அவள் சிரிக்கிறாள், "சாம்பார் சொட்டுதும்மா" என்று.

சில்வண்டும் நின்றுவிட்டது. வாத்தியார் கேட்டதற்குப் பதில் சொன்னாளாம். போன வாரம் மற்ற பிள்ளைகளோடு வடிகானைத் தாண்டிக் குதித்தாள். சன்னாசி பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், திரும்பி வரும்போது ஒரு டின் மைலோ வாங்கி வந்தார். அந்த மனிதர் சந்தோஷத்தைக் காட்டுகிற விதம் அதுதான்.

ஈப்போவுக்கு இனி எதற்கு? போனால் ஒரு நாள் பிரட்டும் கூலியும் போகிறது. டாக்டரம்மா முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லவும் எனக்கு வராது. அதனால் போகப்போவதில்லை. உங்களைப் பார்க்க முடியாதே என்பதுதான் குறை.

உங்களுக்குக் கொடுக்கிற வாக்கைக் காப்பாற்றுவேன். என் கழுத்தை அறுத்தாலும் வாய் திறக்கமாட்டேன்.

உங்கள் தங்கை,
இருளாயி


தைப்பிங்
28-8-1978

அன்புத் தங்கைக்கு,

நோன்பு முடிய இன்னும் ஒரு வாரம்தான். ஊரில் உள்ளவர்கள் பெருநாள் துணி முழுவதும் என் மேசையில். கை ஒழியவில்லை, ஆனாலும் இந்தப் பார்சல் தவறாமல் வந்துவிடும். மடிப்பைப் பார்த்துக்கொள்.

கிளினிக் பெஞ்சில் உன் இடத்தில் இப்போது ஒரு மலாய்க்காரப் பிள்ளையின் தாய் உட்காருகிறார். நல்லவர்தான், ஆனால் இடியப்பம் பிடிக்காதாம். டாக்டரம்மா உன்னைக் கேட்டார். "வேலை, வர முடியல" என்று சொன்னேன். அவர் செல்லாயி அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டார்.

ரஹீமுக்குப் போன வருஷப் பெருநாள் சட்டையை நேற்று போட்டுப் பார்த்தேன். நீளம் அப்படியே இருக்கிறது. "பாத்தியா உம்மா தச்ச சட்டைய, வருஷம் போனாலும் அளவு மாறல" என்று பெருமையடித்துக்கொண்டேன். இரவு தொழுதுவிட்டுப் படுத்தபின்தான் அது பெருமையா என்று யோசனை வந்தது. பத்து வயதுப் பையன். சட்டை எப்படி மாறாமல் இருக்கும்? பட்டன் மட்டும் பூட்ட முடியவில்லை, வயிறு பெருத்திருக்கிறது. தெரு விளக்கைப் பார்த்தால் ஒளி சிதறுகிறது என்றும் சொல்கிறான். அடுத்த மாதம் டாக்டரம்மாவிடம் கேட்கவேண்டும்.

தீபாவளிக் கவுனுக்குச் செல்லாயி நூலை அனுப்பு.

பல்கீஸ்


சுங்கை சிப்புட்
8-10-1978

அன்புள்ள அக்காவுக்கு,

நூல் இதில் இருக்கிறது. செல்லாயியே நின்று அளவு கொடுத்தாள், முன்பெல்லாம் படுக்க வைத்துத்தான் எடுப்பேன்.

நீங்கள் இப்போது இவளைப் பார்த்தால் அடையாளம் தெரியாது. கன்னம் இரண்டும் உப்பி, வாழைப்பூ நிறத்தில் இருக்கிறது. லயத்தில் நல்லம்மாள் இருக்கிறாளே, வயதானவள், ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்க்கிறவள், "இவ்வளவு கொழுகொழுன்னு புள்ள வளத்திருக்கே, என்னாத்தப் போடுற?" என்று கேட்கிறாள். நான் "மைலோ" என்று சொல்லிவிட்டேன். கண் பட்டுவிடக்கூடாது என்று வெள்ளிக்கிழமை தோறும் சுற்றிப் போடுகிறேன். பசியும் அப்படி. ராத்திரி எழுப்பிச் சோறு கேட்கிறாள்.

மழை தொடங்கியதும் விரலில் கொஞ்சம் வீக்கம் வந்தது. நான்கு மாத்திரையாகக் கூட்டினேன், அடங்கிவிட்டது. அதனால் கொஞ்சம் கூடுதலாக அனுப்பினால் உபகாரம்.

இருளாயி


தைப்பிங்
22-10-1978

இருளாயிக்கு,

கவுன் இதில் இருக்கிறது. மடிப்பில் ஒன்றும் இல்லை. தேடாதே. இனி ஒரு மாத்திரைகூட நான் அனுப்பமாட்டேன்.

உன் இரண்டு நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிப்ரவரி நூலில் இரண்டு முடிச்சுக்கும் நடுவில் மூன்று விரல் இருந்தது. இந்த நூலில் ஒரு முடிச்சின் மேலேயே இன்னொரு முடிச்சு. நெஞ்சு மூன்று விரல் பெருத்திருக்கிறது. நீளம் ஒரு நூலிழைகூட இறங்கவில்லை. எட்டு மாதத்தில் ஏழு வயதுப் பிள்ளை ஒரு விரலாவது வளரவேண்டாமா? எத்தனை பிள்ளைகளுக்குத் தைத்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? நீ கன்னம் கொழுகொழு என்று எழுதியிருந்தாய். ரஹீமின் கன்னத்தையும் அப்படித்தான் நான் கொஞ்சினேன்.

டாக்டரம்மாவிடம் ரஹீம் கண்ணைப் பற்றிச் சொன்னேன். கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். உள்ளே கண்ணாடி மாதிரி இருக்கிறதாம், அது பால் கலங்கின மாதிரி மங்கிவிட்டதாம். அறுபது வயதில் வருவது. ஸ்டீராய்டு மாத்திரைதான் காரணம் என்றார். எலும்பு வளராமல் போவதும் அதனால்தான். "அன்னைக்கு உயிரைக் காப்பாத்த வேற வழியில்ல, அதான் குடுத்தோம்" என்று சொல்லும்போது அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்துத்தான் பேசினார்.

கடைசியாகக் கொடுக்கிற மருந்து என்று அன்றைக்கே சொன்னாரே. என் பிள்ளைக்கு உயிருக்கு ஆபத்து, கொடுத்தார்கள். உன் பிள்ளைக்கு ஆபத்தில்லை, கொடுக்காமல் இருந்தார்கள். அதை நான் மடிப்பில் வைத்துத் தைத்து அனுப்பினேன். என் கையை வெட்டிப்போடலாம் போல இருக்கிறது.

செல்லாயியை இனி அந்த மாத்திரைக்குப் பக்கத்தில் விடாதே. ஆஸ்பிரினுக்கே திரும்பு. சில்வண்டு கத்தினால் கத்தட்டும்.

பல்கீஸ்


சுங்கை சிப்புட்
27-10-1978

பல்கீஸ் அக்காவுக்கு,

கவுன் வந்தது. கடிதத்தைப் படிப்பதற்கு முன் மடிப்பைப் பிரித்தேன். முழுச்சுற்றும் பிரித்தேன். ஒன்றும் இல்லை.

கையில் எட்டு மாத்திரை இருக்கிறது. இன்றைக்கு நான்கு, நாளைக்கு நான்கு. தீபாவளிக்கு என் பிள்ளை மறுபடியும் தவழும். நல்ல தீபாவளிப் பலகாரம் கொடுத்தீர்கள்.

வளரவில்லையாம். வளர்ந்து என்ன செய்யப்போகிறாள், அக்கா? நெட்டையாக வளர்ந்து சேற்றில் உட்காரவா? குட்டையாக இருந்தாலும் ஓடினாளே. உங்களுக்குப் பயம் வந்துவிட்டது, மருந்துக் கடைக்குப் போக வெட்கம் வந்துவிட்டது, மச்சானுக்குத் தெரிந்துவிட்டது போல. அதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். கொடுத்துப் பழக்கிவிட்டு, நடுவழியில் கை கழுவிவிட்டு, அதற்கு நூல் மேல் பழி போடுகிறீர்கள்.

இனி எனக்குக் கடிதம் போடாதீர்கள். வந்தால் வாங்கமாட்டேன்.

இருளாயி


குழந்தைகள் வார்டு, ஈப்போ
6-11-1978

இருளாயி, கோபத்தை அப்புறம் வைத்துக்கொள். முதலில் இதைப் படி.

மாத்திரையை நிறுத்தியிருந்தால் உடனே திரும்பத் தொடங்கு. இன்றைக்கே. இந்தக் கடிதத்தோடு ஒரு துணிச்சுருள் இருக்கிறது, அதில் ரஹீம் பையிலிருந்து எடுத்த இருபது மாத்திரை. படித்து முடிப்பதற்குள் நான்கைக் கொடுத்துவிடு. பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஈப்போவுக்கு வா.

ரஹீமுக்குக் கண் ஆபரேஷன், இங்கேதான் இருக்கிறோம். நேற்று ஊசி போடும் மிஸ்ஸியிடம் வாய் தவறிக் கேட்டேன், "இந்தச் சனியன் புடிச்ச மாத்திரைய நாளைக்கே நிறுத்திட்டா என்னா மிஸ்ஸி?" என்று. அவர் முகம் வெளுத்துவிட்டது. "அப்படி மட்டும் செஞ்சிடாதீங்கம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். உடம்பு தானாக ஊறவைக்கிற சத்து ஒன்று இருக்கிறதாம். மாத்திரை வெளியிலிருந்து வருவதால் உடம்பு அதை ஊறவைக்க மறந்துபோய்விடுமாம். திடீரென்று நிறுத்தினால், ஒரு சின்னக் காய்ச்சல் வந்தாலும் பிள்ளை தாங்காது. வாந்தி வரும், கைகால் சில்லிட்டுப் போகும், உயிருக்கே ஆபத்து. பாதி பாதியாக, மாதக்கணக்கில்தான் குறைக்கவேண்டும்.

ரஹீமுக்கு அப்படித்தான் குறைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அது அவனுக்கு மட்டும் சொன்னது என்று நினைத்துவிட்டேன். ஏன் என்று நான் கேட்கவே இல்லை, இருளாயி. வளர்ச்சி நின்ற பயத்தில் உன்னை ஒரே வரியில் நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

நானே வந்திருப்பேன். ரஹீம் இரண்டு கண்ணும் கட்டிப் படுத்திருக்கிறான், என் கையை விட்டால் அலறுகிறான். தந்தி அடிக்கத் தபாலாபீஸ் வாசல் வரை போனேன். பத்து வார்த்தையில் எதைச் சொல்வது? மாத்திரையும் தந்தியில் போகாது. அதனால்தான் கடிதம்.

கொடுத்த வாக்கை மறந்துவிடு. டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல். பல்கீஸ் கொடுத்தாள் என்று என் பேரைச் சொல். ரஹீமைப் பார்க்கமாட்டேன் என்றால் அதை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

பல்கீஸ்

உறையின் பின்னால் தைப்பிங் விலாசம் எழுதியிருக்கிறேன். பதிலை அங்கே போடு, புதன்கிழமை வீட்டுக்கு விடுகிறார்கள்.


குழந்தைகள் வார்டு, ஈப்போ
20-11-1978

அக்காவுக்கு,

எந்த முகத்தோடு எழுதுகிறேன் என்று கேட்காதீர்கள். இங்கே உங்களைத் தவிர எழுத எனக்கு ஆள் இல்லை.

செல்லாயி இருக்கிறாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

தீபாவளி கழிந்து மூட்டெல்லாம் வீங்கி, திரும்பவும் கட்டிலோடு ஆனாள். அது எதிர்பார்த்ததுதான். ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, காலைப் பிரட்டில் எங்களை வரிசையில் நிறுத்தி, தோட்ட ஆபீஸ் அர்ச்சுனன் கிராணி பேர் வாசித்து அவரவர் கடிதத்தைக் கொடுத்தார். என் பேரையும் வாசித்தார். கையில் வாங்கினேன். பின்னால் உங்கள் விலாசம். "வாங்க மாட்டேன், திருப்பி அனுப்பிருங்க கிராணி" என்று எல்லோருக்கும் முன்னால் நீட்டினேன். அவர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டார். நான் மாறவில்லை. பெரிய வீராங்கனை மாதிரி வாளியைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனேன்.

மறுநாள் லேசான காய்ச்சல். சனிக்கிழமை விடியலில் ஓயாத வாந்தி. கூப்பிட்டால் முழிக்கவில்லை, கைகால் ஐஸ் மாதிரி. தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெசர் நாடியைப் பார்த்துவிட்டு, தோட்டத்து வேனில் போட்டு ஈப்போவுக்கு விரட்டினார். வழியெல்லாம் சன்னாசி அவள் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

டாக்டரம்மா அவள் கன்னத்தைப் பார்த்த உடனேயே கேட்டார். "இவளுக்கு வேற என்ன மருந்து குடுத்தீங்க?" ஒன்றுமில்லை என்றேன். திரும்பக் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். மூன்றாவது தடவை, "அம்மா, நீங்க சொன்னாத்தான் நான் எதையாச்சும் செய்ய முடியும்" என்றார். உங்களுக்குக் கொடுத்த வாக்கு என் தொண்டையில் உட்கார்ந்திருந்தது. கழுத்தை அறுத்தாலும் சொல்லமாட்டேன் என்று எழுதினேன் அல்லவா. என் பிள்ளை கழுத்தில் கத்தி இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது தடவையும் ஒன்றுமில்லை என்றேன்.

ஊசி போடும் மிஸ்ஸிதான் செல்லாயி கன்னத்தைத் தட்டித் தட்டிக் கேட்டார். பாதிக் கண் திறந்து அவள் சொன்னாள், "ரஹீம் அண்ணன் மாத்திரை. கவுனு மடிப்புக்குள்ள வரும்." அதன்பிறகு எல்லோரும் ஓடினார்கள். நரம்பில் மருந்து ஏற்றினார்கள். சாயங்காலம் கால் சூடு வந்தது.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு வருஷத்துக்கும் மேலே அந்த மாத்திரையைக் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டுமாம், துளித்துளியாகக் குறைத்துக்கொண்டு. அதுவரை வளர்வாளா என்று கேட்டேன், சொல்ல முடியாது என்றார். குறைக்கக் குறைக்க வலி வருமா என்று கேட்டேன், வரும் என்றார். வேறு மருந்து இல்லையா என்று கேட்டேன். ஆஸ்பிரின் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அக்கா. பைத்தியக்காரி மாதிரி சிரித்தேன். ரஹீமைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் அடுத்த தேதியை மிஸ்ஸி வழக்கம்போலத்தான் எழுதி வைத்திருக்கிறார், அதைப் பற்றிப் பயப்படாதீர்கள். நீங்கள் புதன்கிழமைதான் போனீர்களாம். மூன்று நாளில் தவறவிட்டேன்.

இப்போது ஒன்று கேட்கவேண்டும். கேட்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. நான் திருப்பி அனுப்பிய அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தீர்கள்? கையில் வாங்கியபோது கொஞ்சம் கனமாக இருந்தது. அந்தக் கனம் இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை. இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு கிடக்கிறேன். எதுவானாலும் மறைக்காமல் எழுதுங்கள்.

இருளாயி


தைப்பிங்
10-12-1978

என் தங்கை இருளாயிக்கு,

செல்லாயி இருக்கிறாள் என்ற வரியைப் படித்துவிட்டு, மேலே படிக்காமல் மிஷின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மச்சான் என்னவோ ஏதோ என்று கடையிலிருந்து ஓடி வந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டுக் கடைக்கே திரும்பிப் போய்விட்டார். மறுநாள் காலையில், "அந்தப் புள்ளைக்கு எப்படி இருக்காம்?" என்று கேட்டார்.

ரஹீமுக்குக் கட்டைப் பிரித்துவிட்டார்கள். தடித்த கண்ணாடி போட்டிருக்கிறான். நன்றாகத் தெரிகிறது என்கிறான். முதலில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உம்மா, ஒனக்கு நரை வந்திடுச்சே" என்றான். அவன் கண் மங்கிக்கொண்டு வந்ததை நான் எவ்வளவு நாள் கவனிக்காமல் இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது.

ஜனவரியில் பள்ளி திறக்கிறது. செல்லாயிக்கு நீலப் பினாஃபோர் தைத்துக்கொண்டிருக்கிறேன். நீ நூல் அனுப்பவேண்டாம். நீளத்துக்குப் போன பிப்ரவரி நூலே போதும், அது என்னிடம் இருக்கிறது. சுற்றளவுக்கு ஓரத்தில் துணி விட்டுத் தைக்கிறேன், உடம்பு வடியும்போது பிடித்துக்கொள்ளலாம். கீழ் மடிப்பை இந்தத் தடவை அகலமாக, நான்கு விரல் வைத்திருக்கிறேன். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் துணிதான். என்றைக்காவது பிரித்து விடவேண்டி வந்தால் இருக்கட்டும் என்று வைத்தேன்.

அடுத்த கிளினிக்கில் பெஞ்சில் உனக்கு இடம் பிடித்து வைக்கிறேன். இடியப்பம் முழுக் கேரியர் கொண்டுவருகிறேன்.

அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேட்டாய். அது திரும்பி வந்து சேர்ந்தது. அதில் ஒன்றுமில்லை, இருளாயி. நீ என்னைத் திட்டினாய், நானும் பதிலுக்கு நான்கு பக்கம் உன்னைத் திட்டி எழுதியிருந்தேன். நீ வாங்காமல் விட்டதே நல்லதாகப் போனது. கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். கனமாக இருந்தது என்றாயே, அது ஒரு நீலத் துணித் துண்டு. பள்ளிச் சட்டைக்கு அந்த நிறம் சரியா என்று உன்னைக் கேட்கத்தான் சுருட்டி வைத்திருந்தேன்.

உன் அக்கா,
பல்கீஸ்